சுவர்ப் பல்லிகள் அடங்கிய வீடு

பல்லிகளின் சத்தம் நின்றுபோயிருந்தது. சிவப்புச் சோற்றை அடுப்பிலிருந்து இறக்கும்போதுதான் ரெமீ அதைக் கவனித்தாள். குவாம் தீவில் பறவைச் சத்தம் என்பது அவள் பிறப்பதற்கு முன்பே போய்விட்ட சங்கதி. மாலையானால் சுவர்ப் பல்லிகள்தான் கத்தும்: ஏசுநாதர் படத்துக்குப் பின்னால் ஒன்று, குழல்விளக்கின் பக்கத்தில் ஒரு ஜோடி, குளியலறைச் சன்னலில் ஒரு தடியன். குழந்தையை எழுப்பிவிட்டான் என்று அந்தத் தடியனை நேற்று முன்தினம்கூடத் திட்டியிருந்தாள். இன்று முற்றத்தில் மடக்கு நாற்காலிகளை விரிக்கும் சத்தமும், சுட்ட கோழியின் புகையும், காதோரம் கொசுவின் ரீங்காரமும் மட்டும் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தன.

மாமனார் போன துக்கத்துக்கு ஒன்பது மாலை ஜெபமாலை. பாதி முடிந்திருந்தது. ஜெபம் சொல்லிக்கொடுப்பவள் கணவன் கின்னின் அத்தை, சோங். இனலாஹன் ஊரில் சோங் அத்தை சிலுவை போட்டு ஆரம்பித்துவிட்டால் முடியும்வரை ஒருவரும் எழக் கூடாது. நடுவில் எழுந்தால் செத்தவனின் ஆன்மா பாதி வழியில் நின்றுவிடும் என்பாள். இருமல் வந்தாலும் அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொள்வார்கள்.

ரெமீயின் கவலை ஆன்மாவைப் பற்றியது அல்ல. காலையில் குழந்தை கீக்கோவின் இடது கையில் ஒரு கன்றல் இருந்தது. கருநீலம், நடுவில் ரத்தப் பொட்டுகள். அவனுக்கு இன்னும் கவிழ்ந்து படுக்கக்கூடத் தெரியாது, எங்கே போய் இடித்துக்கொள்வான்? பாம்பாக இருக்குமோ என்று கேட்டாள். கின் சிரித்துவிட்டான்.

“கான்கிரீட் வீடு, ரெமீ. எங்கேருந்து வரும்? வேலியில பாம்புப் பொறி தொங்குது, அதுக்குள்ள இரைக்கு விட்ட எலி இன்னும் உசிரோட ஓடிட்டிருக்கு. பாம்பு வந்திருந்தா முதல்ல அதைத்தானே தின்னிருக்கும்?”

சோங் அத்தை சிரிக்கவில்லை. குழந்தையின் கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நேற்று எங்கே போனாய் என்று கின்னைக் கேட்டாள். பந்தலுக்குக் கீற்று வெட்டக் காட்டுக்கு என்றான். ஆலமரத்துப் பக்கமா? ஆமாம். உத்தரவு கேட்டாயா? அவன் தலையைச் சொறிந்தான்.

“துக்க வீட்டுக்காரன் நீ. அவங்க குடியிருக்கிற மரத்தடியில போய் ஒண்ணுக்கு இருந்துட்டு, ஒரு வார்த்தை கேக்காம வந்திருக்கே. உன் தடித்தோலைக் கிள்ளி அவங்களுக்கு என்ன ஆகப்போகுது? அதான் புள்ளையைக் கிள்ளியிருக்காங்க.”

அதோடு பேச்சு முடிந்தது. ஆலமரத்து முன்னோர் கிள்ளினால் இப்படித்தான் கன்றும் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். மதியமே கின் வெற்றிலையும் பாக்கும் கொண்டுபோய் மரத்தடியில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான். அத்தை இலைகளைத் தேங்காயெண்ணெயில் கசக்கிக் குழந்தையின் கையில் தேய்த்தாள். பொழுது சாய்ந்ததும் புயலுக்குப் போடும் இரும்புக் கதவுகளால் சன்னல்களை எல்லாம் அடைத்துவிட வேண்டும், ஜெபம் முடியும்வரை ஒன்றையும் திறக்கக் கூடாது என்றாள். அவர்கள் மறுபடி வந்தாலும் வெளியிலேயே நிற்கட்டும்.

ரெமீ நம்பினாள். நம்ப ஆசைப்பட்டாள் என்று சொல்வதுதான் சரி. முன்னோரிடம் மன்னிப்புக் கேட்கலாம், பாம்பிடம் என்ன கேட்பது? தீவின் பறவைகளைத் தின்று தீர்த்த பாம்பு சண்டைக்காலத்துக் கப்பலின் சரக்குக்குள் வந்தது, கொசுவில் பாதி வகை விமானத்தில் வந்தது, இரண்டையும் யாரும் அழைக்கவில்லை. முன்னோராவது சொந்த ஊர்க்காரர்கள்.

அடுத்த தெருவில் டெங்கு வந்து ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தது. அதனால் கொசுவலை. இருட்டத் தொடங்கும்போது குழந்தையைக் கட்டிலில் கிடத்தி, வலையைச் சுற்றிலும் மெத்தைக்கு அடியில் செருகினாள். கால்மாட்டில் மடித்துவைத்த போர்வை இடித்தது. ஒரு கையால் தள்ளினாள். பருத்திப் போர்வைக்கு இவ்வளவு கனமா என்று ஒரு கணம் தோன்றியது. ஈரத்துணி மக்கியது மாதிரி ஒரு வாடையும் வந்தது. அத்தையின் பச்சிலை எண்ணெய் என்று நினைத்துக்கொண்டாள். பின்னால் வந்த கின்னும் வலையை ஒருமுறை செருகிவிட்டுப் போனான். கடைசியில் அத்தை வந்து, மந்திரித்த குருத்தோலையால் கட்டிலைச் சுற்றித் தடவி, ஒரு விரல் இடைவெளி விடாமல் வலையை இறுக்கினாள். எல்லாம் அந்தப் பிள்ளைமேல் இருந்த பாசம்.

ஜெபம் தொடங்கியது. முன்வரிசையில் அத்தைக்கு நேர் எதிரே ரெமீயின் நாற்காலி. மாமனாரின் படத்துக்கு முன்னால் மெழுகுவத்திகள் உருகிக்கொண்டிருக்க, அத்தையின் கரகரத்த குரலும் அதற்குப் பதிலாக எழும் கூட்டத்தின் முனகலும் மாறி மாறி வந்தன. கணுக்காலைக் கொசு பிடுங்கியது. அடித்தால் சத்தம் கேட்கும் என்று ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் வீடு எல்லாக் கண்களையும் மூடிக்கொண்டு நின்றது.

மின்சாரம் போனது. தெரு முழுக்க இருட்டு.

“எங்கேயோ ஒருத்தன் கம்பியில வெந்துட்டான்” என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். மின்கம்பியில் ஏறும் பாம்பால் மாதத்துக்கு ஒருமுறையாவது இப்படி ஆகும். அத்தை முறைத்தாள், சிரிப்பு நின்றது. ஜெபம் தொடர்ந்தது.

அப்போது கீக்கோ அழுதான்.

ஒரே ஒரு அழுகை. பாதியில் நின்றது. பிள்ளைகள் அழுதால் இழுத்து, விம்மி, மூச்செடுத்து மறுபடி அழுவார்கள். இது கதவைச் சாத்தியது போல நின்றுவிட்டது.

ரெமீ நாற்காலியின் விளிம்புக்கு வந்தாள். அத்தையின் கண் ஜெபமாலை மணிகளை விட்டு நிமிர்ந்து அவள்மேல் நின்றது. உட்கார் என்றது அந்தக் கண். தூங்கிவிட்டான், அவ்வளவுதான். இந்தப் பத்து மணிகளும் முடியட்டும். அத்தை குரலை உயர்த்தினாள், கூட்டமும் உயர்த்தியது. ரெமீ உதட்டை அசைத்தாள். வாயிலிருந்து எந்த ஜெபமும் வரவில்லை. ஒரு மணி. இன்னொரு மணி. பத்தும் முடிந்தபோது உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. தானாகக் கவிழத் தெரியாத பிள்ளையின் கட்டில்.

எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

வீட்டுக்குள் புழுக்கம் முகத்தில் அடித்தது. அந்த மக்கிய வாடை இப்போது கூடம்வரை வந்திருந்தது. கைப்பேசி வெளிச்சத்தில் சுவர்கள் வெறுமையாக இருந்தன. படத்துக்குப் பின்னால் பல்லி இல்லை. சன்னலில் தடியன் இல்லை. ஏசி குழாய் நுழையும் ஓட்டையில் அடைத்திருந்த துணி தரையில் கிடந்தது.

வலை அப்படியே இருந்தது. வெள்ளையாக. இறுக்கமாக. உள்ளே ஒரு கொசுகூட இல்லை.

கீக்கோவின் கழுத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு தடித்த சுற்று. மார்பில் இன்னொன்று. இடது கை இல்லை. முழங்கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தலை. விரிந்த வாய். இமையில்லாத பூனைக் கண்.

வலையைக் கிழித்தாள். கழுத்துச் சுற்றைப் பிடித்து இழுத்தாள். அது இறுகியது. தலையை இழுத்தாள். உள்நோக்கி வளைந்த பற்கள் தோலைக் கிழித்தனவே தவிர பிடியை விடவில்லை, குழந்தையின் தோள்வரை ரத்தம் ஓடியது. கத்தினாள். வெளியே கூட்டம் பதில் ஜெபத்தை உரக்கச் சொல்லியது. மறுபடி கத்தினாள். கையில் ஒன்றும் இல்லை. குனிந்து, கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த அந்தத் தசையைக் கடித்தாள். சில்லென்று வழுக்கியது. பல் இறங்கியது. வாய் முழுக்கக் கசப்பான ரத்தம். துப்பாமல் இன்னும் ஆழமாகக் கடித்தாள். ஒரு சுற்று தளர்ந்தது.

கின் தேங்காய் வெட்டும் கத்தியோடு ஓடிவந்தான். ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது.

“கை எங்கே முடியுது ரெமீ? எந்த இடத்துல வெட்ட?”

பாம்பின் வயிற்றைத் தடவினாள். தலை, அப்புறம் கழுத்து. அப்புறம் ஒரு சின்ன முடிச்சு. மூடிய முஷ்டி. அதைத் தாண்டி ஒரு விரல் வைத்தாள்.

“இங்கே. இதுக்கு அப்புறம்.”

வெட்டினான். மறுபடி வெட்டினான். முண்டம் துள்ளிச் சுவரில் அடித்து ரத்தம் தெறித்தது. வெறி பிடித்தவன்போல அதைத் தரையில் போட்டுக் கண்டம் கண்டமாக வெட்டினான். ரெமீ பிள்ளையை அள்ளி மடியில் போட்டு வாயில் வாய் வைத்து ஊதினாள். மார்பு எழுந்தது, தாழ்ந்தது. தானாக எழவில்லை. மறுபடி ஊதினாள். கீக்கோ. அழுடா. அழு.

வாசலில் குருத்தோலையோடு அத்தை. “நான்தான் சாத்தச் சொன்னேன்” என்றாள். கேட்க யாரும் இல்லை. சொல்லிக்கொடுப்பவள் இல்லாமலேயே வெளியே கூட்டம் சொல்லிக்கொண்டிருந்தது, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

மின்சாரம் வந்தது. எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தன.

உடம்பு போய்விட்டது அந்தத் தலைக்குத் தெரியவில்லை. தாடை ஒருபக்கம் நகர்ந்தது. பிறகு மறுபக்கம். முழங்கையைத் தாண்டி, நிதானமாக, தோளை நோக்கி இன்னும் விழுங்கிக்கொண்டிருந்தது. அது மேலேற மேலேற, வெட்டுப்பட்ட கழுத்தின் அடிமுனையிலிருந்து, சட்டைக் கையிலிருந்து வெளிவருவது போல, கீக்கோவின் விரல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஈரமாக. நீலமாக. ஒன்றும் அசையவில்லை.