எழுபத்தேழு சீட்டும் ஒரு வெற்று அட்டையும்

காலையில் வேலைக்குக் கிளம்புமுன் செய்தித்தாளைச் சுருட்டி அவள் அடித்துப் போட்ட ஈ, பிற்பகல் மூன்றரை மணிக்கும் ஜன்னல் விளிம்பில் காலை உதைத்துக்கொண்டிருந்தது. வயிறு நசுங்கி மரத்தோடு மரமாக ஒட்டிப்போயிருந்தது. ஒரு சிறகு இரண்டடி தள்ளிக் கிடந்தது. என்ன ஜென்மமடா இது என்று முணுமுணுத்தபடி கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். விரலை எடுத்ததும் கால்கள் மறுபடி அசைந்தன.

உள்ளறையிலிருந்து மருந்து நெடியும், அதற்கடியில் நாலைந்து நாளாக எவ்வளவு துடைத்தும் போகாத இன்னொரு வாடையும் வந்தன. கட்டிலில் கணவர் கிடந்தார். முப்பது வருஷம் பேருந்து ஓட்டிய மனிதர். பத்து நாள் தாங்கினால் பெரிது என்று டாக்டர் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பினார். இன்றோடு நாற்பத்தொரு நாள். பார்க்கிறவர்களிடமெல்லாம், "ஆண்டவன் என்னைக் கைவிடல" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். முந்தாநாளிலிருந்து அதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

அச்சடித்ததைச் சரிபார்க்கும் வேலை என்பதால் அச்சகத்தில் அவளுக்கு செக்கிங் அக்கா என்று பெயர். எதிர்காலம் சொல்லும் டாரட் சீட்டுக்கட்டு ஆர்டர் வந்தபோது, அவள் தொடவே மாட்டேன் என்று தள்ளி நின்றாள்.

"அக்கா, இது காகிதம், மை. மிஷின்ல விட்டா வெட்டுப்படும். பேயிருந்தா வெட்டுப்படுமா?" என்று சிரித்தார் ஃபோர்மேன். அவர் எந்தக் கோயில், எந்தத் தொழுகை என்று யாருக்கும் தெரியாது. அவருக்கு எல்லாமே டன் கணக்கில் காகிதம்தான். வேலையை விடவும் அவளுக்கு வழியில்லை. மனதுக்குள் ஜெபித்துக்கொண்டே சரிபார்த்தாள். ஒரு கட்டுக்கு எழுபத்தெட்டு சீட்டு. அதில் பதின்மூன்றாவது, வெள்ளைக் குதிரையில் எலும்புக்கூடு வரும் மரணச் சீட்டு.

டாக்டர் கைவிரித்த மறுநாள் அந்தச் சீட்டு அவள் கையில் வந்தது. இது எந்த வீட்டுக்குப் போகிறதோ, அந்த வீட்டுக்காரி என்ன பாடுபடுவாளோ! ஆண்டவன் தன்னை இந்த மேசையில் உட்காரவைத்ததே இதைத் தடுக்கத்தான் என்று தோன்றிவிட்டது. பெட்டிகளை யாரும் எண்ணுவதில்லை, எடைதான் போடுவார்கள். தாளில் மிஞ்சும் வெற்று அட்டைகள் கூடை கூடையாகக் கிடக்கும். அவள் கைபட்ட ஒவ்வொரு சீட்டுக்கட்டிலும் பதின்மூன்றாவதை உருவிவிட்டு ஒரு வெற்று அட்டையைச் செருகினாள். எடை சரியாக இருந்தது.

உருவியதைக் கழிவில் போட்டால் ஃபோர்மேன் கண்ணில் படும். சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். விடுமுறையில் கொளுத்திவிடலாம் என்று ஒரு பிஸ்கட் டப்பாவில் அடைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். மூடி எழும்பாமலிருக்க மேலே தன் ஜெபப் புத்தகத்தை வைத்தாள். அன்றிரவு கணவருக்கு மூச்சு சீரானது. அதற்குப் பிறகு கொளுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

போன வாரம் நாத்தனார் வந்திருந்தாள். அவளும் சாமி கும்பிடுகிறவள்தான், ஆனால் கைப்பையில் எப்போதும் ஒரு டாரட் கட்டு இருக்கும். அவளிடம் மட்டும் டப்பா விஷயத்தைச் சொன்னாள்.

"ஐயோ அண்ணி, அது பிசாசு இல்ல. பட்ட கஷ்டத்துக்கு ஒரு முடிவு, அவ்வளவுதான். அதை எடுத்துட்டா கட்டுல முடிவே இருக்காதே!"

"ஆண்டவனுக்கு மேல ஒரு சீட்டா? எனக்கு அதுல நம்பிக்கையே கிடையாது."

"நம்பிக்கை இல்லாதவங்க எதுக்குப் பூட்டி வெச்சிருக்கீங்க?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாத்தனாரை அன்று காபிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டாள்.

மூன்று நாளைக்கு முன் எலிப்பொறியில் ஒரு எலி சிக்கியது. கழுத்து முறிந்து தலை பின்பக்கம் திரும்பியிருந்தது. இன்று காலையிலும் அதன் கண் அவள் போன பக்கமெல்லாம் திரும்பியது. பொறியோடு வாளிக்குள் போட்டு மூடியிருந்தாள். இப்போது வாளிக்குள்ளிருந்து மெல்லச் சுரண்டும் சத்தம் கேட்டது.

வெந்நீரில் துண்டைப் பிழிந்துகொண்டு கட்டிலருகே வந்தாள். அவரை ஒருக்களித்துத் திருப்பி முதுகைத் துடைத்தாள். சில்லென்றிருந்தது. அடிப்பக்கம் முழுவதும் கருநீலம் படர்ந்திருந்தது. இறந்துபோன அப்பாவின் உடம்பைக் குளிப்பாட்டிய அன்று இதே நிறத்தைப் பார்த்திருக்கிறாள்.

"என்னங்க..."

"போதும்மா." உதடு அசையவில்லை. குரல் மட்டும் வந்தது. "வலி தாங்கல. விட்டுடு."

மார்பில் காதை வைத்தாள். சுவர்க் கடிகாரம் கேட்டது. வாளி கேட்டது. மார்பில் ஒன்றும் கேட்கவில்லை.

மூச்சுமில்லை.

எப்போது நின்றது? இன்றா? முந்தாநாளா?

கட்டுல முடிவே இருக்காதே என்று நாத்தனார் சொன்னது காதில் விழுந்தது. மண்டியிட்டாள். டப்பாவை இழுத்தாள். புத்தகத்தைத் தள்ளினாள். மூடி திறக்கவில்லை. நகம் பெயர்ந்தது. திறந்தது.

வெள்ளை.

ஒன்றை எடுத்தாள். வெள்ளை. இன்னொன்று. கையளவு அள்ளினாள். டப்பாவையே கவிழ்த்தாள். பின்பக்கத்துப் பூவேலை அப்படியே இருந்தது. முன்பக்கம் குதிரை இல்லை. எலும்புக்கூடு இல்லை. நூற்றுக்கணக்கில் வெற்று அட்டைகள் தரையில் பரவிக் கிடந்தன.

"ஆண்டவனே, எடுத்துக்கோ. அவரை எடுத்துக்கோ." நாற்பத்தொரு நாளும் வேண்டாம் வேண்டாம் என்று கதறிய அதே வாயால் கேட்டாள். அந்தப் பக்கம் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம்மா?" என்றார் அவர்.

தலையணையை எடுத்தாள். பெரும் பாவம் என்று அவளுக்குத் தெரியும். மன்னிப்பே கிடையாது என்றும் தெரியும். அவர் முகத்தில் வைத்தாள். உடம்பு பாரமெல்லாம் கொடுத்து அழுத்தினாள். ஜெபத்தைச் சொன்னாள். நூறு முறை சொன்னாள். விரல் விட்டு எண்ணினாள். இன்னொரு நூறு. கைகள் மரத்துப்போயின. அழுகை வந்தது. விடவில்லை.

சுரண்டும் சத்தம் நின்றது. வீடே அடங்கியது.

மெல்லத் தலையணையை எடுத்தாள்.

மூக்கு ஒரு பக்கமாய் நசுங்கியிருந்தது. திறந்த கண்கள் அவளையே பார்த்தன.

"ஆச்சா?" என்று கேட்டார்.