பழைய தண்ணீர்

மீன்கள் தப்பான பக்கம் போய் நின்றன.

தொட்டியின் வலது ஓரத்தில் சிட்டு தீனி டப்பாவைக் கிலுக்கிக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூட உடையைக்கூட இன்னும் மாற்றவில்லை. வழக்கமாக அந்தச் சத்தம் கேட்டாலே போதும், ஏஞ்சல் மீன்கள் எல்லாம் அவள் முகத்துக்கு நேரே முண்டியடித்துக்கொண்டு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இன்று ஒன்றுகூடத் திரும்பவில்லை. இடது ஓரத்துக் கண்ணாடியை ஒட்டி நின்று, மேலே பார்த்து, யாரிடமோ கேட்பதுபோல வாயைத் திறந்து திறந்து மூடின. அந்தப் பக்கம் ஆள் இல்லை. தையல் மிஷின் ஸ்டூல் மட்டும் கிடந்தது.

"அம்மா, இதுங்க என்னை மதிக்கவே மாட்டேங்குது."

"உங்கப்பா புத்தி அப்படியே இருக்கு. சோறு போடுறவளை மதிக்காது," என்று சமையலறை வாசலில் நின்று சிரித்தாள் அம்மா. சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. தைத்து முடித்ததும் ஸ்டூலை மிஷினுக்கடியில் தள்ளிவிட்டுத்தானே உள்ளே போனாள்?

சிட்டு இழுத்துப் போட்டிருப்பாள். வேறென்ன.

அம்மாவுக்கு மீன் என்றாலே ஆகாது. தட்டில் வந்தாலே மூக்கைப் பொத்துகிறவள், நடுக்கூடத்தில் ஒரு கூட்டத்தை உயிரோடு வைத்துக் காவல் காக்கிறாள் என்றால் எல்லாம் தம்பியின் வேலை. வீடு மாறுகிறவர்களின் சாமான்களை லாரியில் ஏற்றி இறக்குவது அவன் தொழில். யாரோ வேண்டாம் என்று விட்ட தொட்டியை, கல், செடி, மீன் சகிதம் அக்கா மகளுக்கென்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். கூடவே கேன் கேனாகக் கலங்கிய தண்ணீர்.

"இதை எதுக்குடா சுமந்துட்டு வந்தே? நம்ம வீட்டுல தண்ணி இல்லையா?"

"பழைய தண்ணியிலதான்க்கா மீனோட உசுரே இருக்கு. மாத்தும்போது கொஞ்சம் எடுத்துட்டுக் கொஞ்சம் ஊத்து. மொத்தமா கொட்டுனே, அத்தனையும் பொட்டுனு போயிடும். பில்டர் பஞ்சைக்கூட அந்தத் தண்ணியிலயேதான் அலசணும். தொட்டியைக் குடுத்த அந்தம்மா ஆயிரம் தடவ சொல்லிச்சு." சொல்லிவிட்டு முகத்தைச் சுளித்துச் சிரித்தான். "அது ஒரு மாதிரிக்கா. பேச்சு சின்னப் புள்ள மாதிரி. தண்ணியை இறக்க ட்யூப்ல வாயை வெச்சு உறிஞ்சிச்சு. ஒரு வாய் வந்ததும் கீழ துப்பாம, தொட்டிக்குள்ளயே திருப்பித் துப்பிச்சு பாரு, எனக்குக் குமட்டிடுச்சு. துப்பிட்டு ஓன்னு ஒரே அழுகை. அப்பதான் அதுக்குப் பொம்பளைக் குரலே வந்துச்சு."

நீ அப்படி வாய் கீய் வைக்காதே என்று சொல்லிவிட்டுப் போனான். அவளும் வைக்கவில்லை. ட்யூபைக் குழாயில் பிடித்து நிரப்பி, இரண்டு முனையையும் கட்டைவிரலால் அடைத்து எடுத்துவந்து, ஒன்றைத் தொட்டியிலும் ஒன்றைத் தரையில் இருக்கும் வாளியிலும் விடுவாள். தண்ணீர் தானாக இறங்கும். அவள் ட்யூபோடு வருகிறாள் என்றால் மீன்கள் செடிக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். தீனி போடுகிறவள் சிட்டு, கிளறுகிறவள் அம்மா. மீனுக்கும் ஆள் தெரியும்.

அப்படித்தான் அதுவரை அவள் நம்பியிருந்தாள்.

ஸ்டூல் இடம் மாறிக் கிடந்த அன்றிலிருந்து அவள் கண் தொட்டியை விட்டு நகரவில்லை. மிஷினை மிதிக்கும்போது ஓரக்கண்ணால் பார்ப்பாள். பம்ப் ஒரே சீராக முனகிக்கொண்டிருக்கும், நாடா நாடாவாக நீண்ட செடிகள் இல்லாத காற்றில் அசைவதுபோல அசைந்துகொண்டிருக்கும், வெளியே மழை பிடித்தால் துணியின் புது வாசனையைத் தள்ளிக்கொண்டு சேற்று வாசனை ஒன்று கூடம் முழுக்கப் பரவும். மீன்கள் இடது ஓரத்திலேயே நிற்கும். சில சமயம் எல்லாம் ஒன்றாக, மெதுவாக, பின்பக்கக் கண்ணாடியை ஒட்டியே வலது பக்கம் நகரும். நடந்து போகிற ஒருவரைப் பார்த்துக்கொண்டே போனால் எப்படிப் போகுமோ அப்படி. அப்போதெல்லாம் மிஷினை நிறுத்திவிடுவாள். எழுந்துபோய் விளக்கைப் போடுவாள். யாரும் இருக்க மாட்டார்கள். பைத்தியக்காரி, கண்ணாடியில் தெரிகிற நிழலைப் பார்த்து மீன் ஏமாந்தால் நீயும் ஏமாறுவாயா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு மறுபடி ஊசியில் நூல் கோப்பாள். நூல் ஊசிக் காதில் நுழையாது.

மழை விடாமல் கொட்டிய ஒரு சாயங்காலம், அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கூடத்தில் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. மெதுவாக. கொஞ்சம் இழுத்து, நிறுத்தி, மறுபடி கொஞ்சம்.

"சிட்டு, என்னடி பண்றே?"

தண்ணீர் அலம்பும் சத்தம்தான் வந்தது.

கையைத் துடைக்காமலே ஓடினாள். இடது ஓரத்தில் ஸ்டூல். அதன் மேல் சிட்டு, இரண்டு கையும் தோள் வரை தண்ணீருக்குள், மோவாய் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு. முன்முடி நனைந்து செடியோடு செடியாக மிதந்தது.

இழுத்து அணைத்து இறக்கினாள். அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கையாலேயே மகளை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

"அவதான்ம்மா கூப்பிட்டா."

"யாருடி அவ?"

"ஸ்டூல்ல நிப்பாளே, அவ. இன்னும் கொஞ்சம் குனிஞ்சா போதுமாம். அவளுக்குத் தனியா இருக்கப் பிடிக்கலையாம்."

குழந்தையின் தலையில் துண்டைச் சுற்றிப் படுக்கையறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, தம்பிக்கு போன் போட்டாள். தொட்டி இருந்த வீட்டில் என்னடா நடந்தது என்று கேட்டாள். எப்போதும் வாய் ஓயாதவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்க்கா. அந்த வீட்டுல ஒரு பொம்பளப் புள்ள இருந்துச்சாம். சிட்டு வயசுதான். தொட்டியில தலைகுப்புற..."

"விழுந்துடுச்சா?"

"அப்படித்தான் வெளிய சொல்றாங்க. பக்கத்து வீட்டுக்காரரு வேற மாதிரி சொன்னாரு. புள்ள பிடரியில விரல் தடம் இருந்துச்சாம். அம்மாவோட விரல். அந்தம்மாவுக்கு அப்பவே புத்தி பேதலிச்சுப் போயிருந்துச்சாம், புள்ள மாதிரி பேச ஆரம்பிச்சிருந்துச்சாம்." அதோடு அவன் நிறுத்தவில்லை. "தொட்டியும் அவங்க வாங்கினது இல்லக்கா. அவங்களுக்கும் யாரோ குடுத்ததாம்."

"பாவி! வேலில போன ஓணானை எடுத்து என் மடியில விட்டியேடா!"

"காலையில வந்து தூக்கிட்டுப் போயிடுறேன். சத்தியமா."

காலை வரை யார் காத்திருப்பது? இன்றைக்கே, இப்போதே ஒரு சொட்டு மிச்சமில்லாமல் கொட்டிவிட வேண்டும். மீன் செத்தால் சாகட்டும். தொட்டி உடைந்தால் உடையட்டும். என் பிள்ளை எனக்கு வேண்டும். வாளியைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தாள். பம்பின் பிளக்கைப் பிடுங்கினாள்.

முனகல் நின்றது. இத்தனை நாள் அந்தச் சத்தத்துக்கு அடியில் வேறு ஒரு சத்தம் இருந்திருக்கிறது. மெல்லிய மூச்சு. இடது பக்கம், ஸ்டூல் உயரத்தில்.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. ட்யூபின் ஒரு முனையைத் தொட்டிக்குள் அமுக்கினாள். சமையலறைக் குழாய் வரை போய் நிரப்பிக்கொண்டு வர வேண்டும். போனால் அந்த மூச்சைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினாள்.

தண்ணீர் அவள் நினைத்ததைவிட வேகமாக ஏறியது. வாய் நிறைந்தது. சில்லென்று, சேறும் இலையும் அழுகின ருசியோடு. துப்ப வேண்டும் என்று நினைப்பதற்குள் தொண்டை அதை விழுங்கிவிட்டது.

ட்யூப் வாளிக்குள் விழுந்தது. தண்ணீர் சளசளவென்று இறங்கியது. வாயில் இன்னும் ஒரு மடக்கு மிச்சமிருந்தது.

பக்கத்தில் மூச்சு இல்லை. நின்றுவிட்டது.

இடது ஓரம் காலியாக இருந்தது. மீன்கள் அங்கே இல்லை. செடிக்குள்ளும் ஒளியவில்லை. அவளுக்கு நேரே வந்து நின்றன. கிளறுகிறவளுக்கு நேரே. எல்லாம். வாயைத் திறந்து திறந்து மூடின.

ஒரு அடி நகர்ந்தாள். மீன்கள் நகர்ந்தன.

இன்னொரு அடி. அவையும்.

துப்பு. துப்பித் தொலை. அந்தம்மா துப்பினாளே, துப்பின பிறகுதானே சொந்தக் குரலில் அழுதாள். எல்லாம் புரிந்தது, மூளை கத்தியது. உதடு திறக்கவில்லை. வாய்க்குள் இருந்த மடக்கு, நாக்கடியில் இதமாக உட்கார்ந்துகொண்டது. சேற்று வாசனை அவளுக்கு இப்போது பிடித்திருந்தது.

அவள் உடம்பு குனிந்தது, கை ட்யூபை மடித்தது. தண்ணீர் நின்றது. பாதித் தொட்டி. பழைய தண்ணீர் மிச்சம் இருக்க வேண்டும் அல்லவா? கை ட்யூபை வெளியே எடுத்துச் சுருட்டி வைத்தது. கால் ஸ்டூலை இழுத்தது. கொஞ்சம் இழுத்து, நிறுத்தி, மறுபடி கொஞ்சம். அவள் வேண்டாம் என்றாள். உள்ளே எங்கோ இருந்து, யாருக்கும் கேட்காமல், வேண்டாம் வேண்டாம் என்று கதறினாள்.

"சிட்டு, வா. மீனுக்குத் தீனி போடலாம்."

கதவு திறந்தது. தலையில் துண்டோடு வந்த குழந்தை களுக்கென்று சிரித்தது.

"அம்மா, ஏன் பாப்பா மாதிரி பேசறே?"

சிட்டு, ஓடு. மாமாகிட்ட ஓடு. தெருவுக்கு ஓடு, என் கண்ணே, ஓடிடு.

சிட்டு ஸ்டூலில் ஏறினாள். துண்டு நழுவித் தரையில் விழுந்தது. பாதிக்கு இறங்கியிருந்த தண்ணீருக்குள் மீன்கள் மேலே வந்தன. அவை சிட்டுவைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே, பின்னால் நிற்கிறவளின் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடின.

அம்மாவின் ஈரக் கை மகளின் பிடரியில் போய் உட்கார்ந்தது.

"எட்டலம்மா."

"இன்னும் கொஞ்சம் குனி," என்றது அவள் வாய்.