சிலுவையடி உமரி

“என் பையனைத் தின்னவன் இப்போ என் ஆடுகளையும் தின்னுட்டான், ஐயா!” என்று கத்திக்கொண்டே நுழைந்தாள் தெயோலிந்தா. துப்பறிவாளர் வில்யேனா அவளை உட்காரவைத்துவிட்டுத்தான் விசாரிக்கத் தொடங்கினார்.

அவள் பழி சொன்னது கிராசியானுவை. அவெய்ரு காயலில் அவள் மகன் ஈவோ மூழ்கிய அன்று, அதே படகில் போய்த் தனியாகத் திரும்பியவன் அவன். உடல் கிடைக்காததால் சேற்றோரம் ஒரு சிலுவை நட்டார்கள். அங்கே மேய்ந்த அவளுடைய ஆடுகள் எலும்பும் தோலுமாகி ஒவ்வொன்றாகச் செத்தன. ஊர் அதை ஈவோவின் ஆவி என்றது. வேறு யாரும் அந்தப் பக்கம் ஆடு விடுவதில்லை. அவளோ கிராசியானு வைத்த விஷம் என்றாள். அவள் பேச்சைக் கேட்டு, அவனை ஊரைவிட்டுத் துரத்த ஞாயிறன்று ஊரார் கூடுவதாக இருந்தார்கள்.

வில்யேனா சிலுவையடிக்குப் போனபோது காயலில் பனி இறங்கியிருந்தது. நாணலுக்குள் யாரோ முனகுவது போலிருக்க, உதவியாளன் தொமே சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். சட்டென்று குனிந்தான்.

“ஐயா, கிராசியானு பூட்ஸ் தடம்! ஆள் மாட்டிக்கிட்டான்!”

“பக்கத்துல முட்டி போட்ட தடமும் மெழுகும் இருக்கே. விஷம் வைக்க வந்தவன் ஜெபமா பண்ணுவான்?”

வில்யேனா உப்புச் சேற்றில் வளரும் உமரிச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிலுவையைச் சுற்றி மட்டும் அவை முழங்கால் உயரம், கரும்பச்சை. தள்ளி வளர்ந்தவை நோஞ்சான்கள். வேரடியில் மீன் செதில்களும் முட்களும் கிடந்தன. இரண்டு இடத்துச் சேற்றையும் செடியையும் சோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வந்ததும் தெயோலிந்தாவையும் கிராசியானுவையும் சிலுவையடிக்கு வரவழைத்தார்.

“சேறு ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதாம்மா. மூடிப்போன ஆலை விட்ட காட்மியம் விஷம் எல்லா இடத்துலயும் இருக்கு. ஆனா செடியில இங்க மட்டும்தான் அதிகம். வேரடியில மீன் முள்ளாக் கிடக்கே, இங்க என்ன ஊத்துறீங்க?”

“வெள்ளிக்கிழமை தவறாம அவன் பங்கு மீன் சாறு. உடம்பு கிடைக்காதவனுக்கு எல்லாத் தாயும் ஊத்துறதுதானே? தலை, குடல் எல்லாம் போட்டு, பானை நிறைய... எத்தனையோ வருஷமா.”

“அதுதான் உரம். உரம் ஏற ஏற இந்த உமரி சேத்துல இருந்த விஷத்தையும் சேர்த்து உறிஞ்சிடுச்சு. கொழுத்த செடியைத் தேடி உங்க ஆடுங்க வந்துச்சு.”

“ஐயோ, நானா கொன்னேன்?”

“விஷத்தைக் கொட்டினது ஆலை, நீங்க இல்ல. கிராசியானுவும் இல்ல. ஆனா இனிமே ஊத்தாதீங்க.”

அவள் சிலுவையைப் பிடித்துக்கொண்டு குமுறி அழுதாள். “அப்போ என் புள்ளைக்குப் பசிச்சா நான் எங்கய்யா போவேன்?”

கிராசியானு தொப்பியைக் கழற்றினான்.

“பானையை எங்கிட்ட குடு அத்தை. அவன் பங்கை நான் சாப்பிடுறேன்.”

வெள்ளிக்கிழமை அவன் வீட்டுக் கதவு தட்டப்பட்டது; வாசலில் பானையோடு தெயோலிந்தா.