மருதங்காட்டுச் சந்தில் ஒரு பாவு

காஞ்சிபுரத்தில் செவிலிமேட்டைத் தாண்டி, பாலாற்றங்கரையில் மருதங்காடு இருக்கிறது. ரொம்பப் பழைய காடு. அங்கே உள்ள பெரிய மருதமரத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய ஓர் எறும்பு, திரும்பி வந்தபோது தாத்தாவாகியிருந்தது. சித்திரை மாதத்தில்கூட உள்ளே போகிறவர்கள் கம்பளியோடுதான் போவார்கள். கம்பளி இல்லாமல் போன ஒருவருக்கு மீசை உறைந்துவிட்டது. வீட்டில் வெந்நீர் ஊற்றித்தான் பிரித்தார்கள். நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

அந்தக் குளுமைக்காகத்தான் நெசவாளர்கள் காட்டை ஒட்டிய சந்தில் பாவு நீட்டுவார்கள். பாவு என்பது புடவையின் நீளவாக்கில் ஓடும் நூல். ஆயிரக்கணக்கான பட்டு இழைகளைச் சந்து நெடுக இழுத்துக் கட்டி, அறுந்ததைத் தேடித்தேடி முடிச்சுப் போடுவார்கள். வெயில் பட்டால் பட்டு முறுக்கிக்கொண்டு அறுந்துபோகும். மருதமர நிழலில் சமர்த்தாகக் கிடக்கும்.

பாவு நீட்டியிருந்தால் அந்த வழியே யாரும் போகமாட்டார்கள். தாண்டமாட்டார்கள். குனிந்து நுழையவும் மாட்டார்கள். காஞ்சிபுரத்தில் பிறந்த கோழிக்கும் இது தெரியும். ஒருமுறை யானை ஒன்று பாவைப் பார்த்துவிட்டு, ரிவர்ஸிலேயே போய் வேறு தெருவில் திரும்பியது.

ஐந்தாம் வகுப்பு இளவரசிக்கும் பாவு என்றால் ஆசை. ஆனால் நெசவாளரான அப்பா சிவராஜ் அவளை முடிச்சுப் போட விடமாட்டார். அவள் கார்த்திகையில் ஆரம்பிக்கும் முடிச்சு பொங்கலுக்குத்தான் முடியும். அவ்வளவு நிதானம்.

"நீ வேடிக்கை பாரும்மா, போதும்" என்பார் அப்பா.

அன்று சனிக்கிழமை. காலையில் நீலாம்பாள் அத்தையிடமிருந்து போன் வந்தது. அத்தை, அப்பாவின் அக்கா. செவிலிமேட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். யாரோ ஒரு மரக்கடை முதலாளி மருதங்காட்டை ஏலம் எடுத்ததாகச் சொல்லிக்கொண்டு கிளம்பியதிலிருந்து, அத்தை ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைகிறார். எங்கே ஏலம் நடந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

"சிவராஜு, மரம் வெட்ட லாரி கிளம்பிடுச்சாம்பா. நான் ஃபாரஸ்ட் ரேஞ்சர் அய்யாவ கூட்டிக்கினு வரேன். அவர் வந்து பாத்துட்டா ஒரு கிளையக்கூட வெட்ட முடியாது. ஆனா ஜீப்பு பஞ்சர். அதுவரைக்கும் லாரிய உள்ள வுடாதீங்க."

அப்பா போனை வைத்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "லாரிய எப்படி நிறுத்தறது? முன்னாடி போய்ப் படுத்துக்கவா?"

இளவரசி யோசித்தாள். காட்டுக்குள் வண்டி போக அந்த ஒரு சந்துதான் வழி.

"அப்பா, நாளைக்கு நீட்டற பாவ இன்னிக்கே நீட்டுனா?"

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். தெருவே பின்னால் வந்தது.

லாரி வந்து சேர்ந்தபோது, சந்தின் வாயிலிருந்து மருதமரம் வரை மாம்பழ நிறத்தில் பட்டு மின்னியது.

மேஸ்திரி வீரபாகு லாரியிலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னாயா இது? எடுங்கயா, வண்டி போவணும்."

"பாதியில எடுத்தா சிக்காயிடும்பா" என்றார் அப்பா.

"பாண்டியா, நீ வண்டிய வுடுயா. நூலுதானே."

டிரைவர் பாண்டியன் இன்ஜினை நிறுத்தினான். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"பாவு மேல வண்டிய ஏத்தவாண்ணே? எங்கம்மா திருப்பருத்திக்குன்றத்துல தறி நெய்யறவங்க. தெரிஞ்சா எனக்கு சோறு கிடையாது."

வீரபாகு இறங்கினார். "சரி, எப்ப முடியும்?"

"அறுந்த இழைங்க நிறைய இருக்குது" என்றார் அப்பா. "எம் பொண்ணுதான் முடிச்சு போடப்போவுது."

இளவரசி தன் காதுகளையே நம்பவில்லை. அப்பா கண்ணைக் காட்டினார். உடனே உட்கார்ந்தாள். அவள் நடிக்கவெல்லாம் இல்லை. எப்போதும் போலத்தான் போட்டாள். பக்கத்தில் ஊர்ந்த நத்தை ஒன்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தனக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போய்விட்டது.

பாண்டியனுக்குப் பொறுக்கவில்லை. "பாவம், பாப்பா தனியா கஷ்டப்படுது" என்று குடத்து நீரில் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அவன் விரல்கள் பறந்தன. ஒரு முடிச்சு, அடுத்த முடிச்சு, அதற்கடுத்த முடிச்சு.

இளவரசி அந்த விரல்களையே பார்த்தாள். நல்ல மனசோடு உதவ வந்தவனால் காடு போய்விடும் போலிருக்கிறது. அவனிடம் பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

"அண்ணா" என்றாள் மெதுவாக. "கொஞ்சம் நிதானமா போடுங்களேன்."

"ஏம்மா?"

"ரேஞ்சர் வந்துக்கினு இருக்காரு. அதுக்குள்ள பாவு முடிஞ்சா நீங்க மரத்த வெட்டிடுவீங்க. மரம் போயிட்டா நாங்க எங்க பாவு நீட்டறது?"

பாண்டியனின் விரல்கள் நின்றன.

"உங்க மேல கோவம் இல்லண்ணா" என்றாள் இளவரசி. "உங்களுக்கு இதான் வேலை."

பாண்டியன் அண்ணாந்து பார்த்தான். வெள்ளை வெளேரென்று அந்த மரம் மேலே போய்க்கொண்டே இருந்தது. "எங்கம்மாவும் இங்க வந்துதான் பாவு நீட்டுவாங்க" என்றான். "அந்த வேர்ல என்னைத் தூங்க வெச்சிருக்காங்க."

பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "பாப்பா, இந்த முடிச்சு எப்படி போடறது? கொஞ்சம் சொல்லிக்குடு" என்றான்.

வீரபாகு திரும்பினார். "இப்பதானேடா நல்லா போட்டுக்கினு இருந்த?"

"அது பழைய ஞாபகம்ணே. தீந்துபோச்சு."

அதன்பிறகு பாண்டியன் போட்ட முடிச்சுகளைப் பார்த்து இளவரசிக்கே பொறுமை போய்விட்டது.

வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் ஜீப் வந்தது. அத்தை முதலில் குதித்தார். ரேஞ்சர் பாவைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, வேலி ஓரமாகச் சுற்றிக்கொண்டு போய் மரத்தை அளந்தார். டேப் போதவில்லை. இன்னொரு டேப்பை ஒட்டி அளந்தார்.

"யாரைக் கேட்டு வெட்ட வந்தீங்க?" என்றார் வீரபாகுவிடம்.

வீரபாகு பதிலை யோசித்துக்கொண்டே டவுன் பஸ் ஏறிப் போனார். இன்னும் யோசிப்பதாகக் கேள்வி.

"ஒரு மரத்தையும் தொடக்கூடாது" என்று ரேஞ்சர் எல்லாரிடமும் சொன்னார். அத்தை புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார்.

இளவரசி முதலில் மரத்திடம் போய் அதன் பட்டையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். அப்புறம் பாண்டியனிடம் ஓடினாள்.

"ரொம்ப தேங்க்ஸ்ணா. உங்களுக்கு இன்னிக்கு வாடகை போச்சு."

"போவட்டும்மா. இல்லன்னா சோறு போயிருக்கும்."

தெருவில் ஒவ்வொருவராக வந்து அவன் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். அப்பா தன் மகளின் விரல்களைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த பாவுக்கும் நீதாம்மா" என்றார். "ஆனா கொஞ்சம் சீக்கிரம்."

மரம் ஏற்ற வந்த லாரி காலியாகத்தான் திரும்பியது. ஆனாலும் செவிலிமேட்டு மேட்டில் ஏறும்போது முழுப்பாரம் ஏற்றிய வண்டிபோல முக்கி முனகியதாம். அத்தனை பேர் சொன்ன நன்றியும் அதில்தானே ஏறியிருந்தது.