நனையாத பூட்ஸ்

பொன்னம்பலம் மழைச்சட்டையைக்கூடக் கழற்றாமல் கதிரையின் நுனியில் இருந்தார். மடியில் ஒரு ரேடியோப் பெட்டி, கசெற் போட்டுக் கேட்கிற வகை.

“தங்கச்சி, பெட்டி வந்திட்டுது. அவ வரேல்லை,” என்றார்.

கோணேஸ்வரி கறிவேப்பிலைச் செடியை யன்னலோரம் வைத்துவிட்டு அவருக்கு எதிரே வந்து அமர்ந்தார். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். பயந்தவர்களின் பேச்சையும் பொய்யர்களின் பேச்சையும் ஒரே முகத்தோடு கேட்டுப் பழகியவர். புலம்பெயர்ந்து வந்து குடியேறிய மில்லிக்கனில் எது காணாமற்போனாலும் தமிழ்ச்சனம் அவரிடம்தான் வரும். அவருக்குக் கார் ஓட்டுவது பக்கத்து வீட்டுச் சீமோன். துப்புத் துலக்கவும் அவனுக்கு ஆசை. இம்முறை அவன் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். விசயம் நடந்த இடத்தில் அவனும் இருந்திருக்கிறான்.

பொன்னம்பலத்தின் மனைவி பாலேஸ்வரி ஊரிலேயே காலமானவர். கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து ஒரேயொரு கசெற் அனுப்பியிருந்தார். கூட்டாளி அன்புராசாவின் வீட்டு நிலக்கீழ் அறையில் முன்னூற்றிநாலு சீட்டாட்டம் ஆடப்போன ஒருநாள், தோற்ற சூட்டில் பொன்னம்பலம் கையிலிருந்த பெட்டியைப் பந்தயமாக வைத்துவிட்டார். கசெற் உள்ளே கிடந்ததை அவர் நினைக்கவில்லை. திருப்பிக் கேட்டபோது, வென்ற சாமான் வென்றதுதான் என்று அன்புராசா சிரித்தார்.

பிறகு வந்தது ஹலோவீன், பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாக இனிப்புக் கேட்டு வரும் நாள். மீதியைச் சீமோன் சொன்னான். அன்புராசாவும் அலெக்ஸாண்டரும் ஒரு கட்சி, பொன்னம்பலமும் சீமோனும் மறுகட்சி. வெளியே மழை. அப்போது படியடியில் ஒரு கௌபோய் வந்து நின்றார். பெரிய தொப்பி, கண்வரை கட்டிய சிவப்புத் துணி, இடுப்பில் விளையாட்டுத் துவக்கு. வாயே திறக்கவில்லை. சீமோனை எழுப்பிவிட்டு அவன் கதிரையில் அமர்ந்து, மூலையில் இருந்த ரேடியோவைக் காட்டினார். அதற்கு எதிர்ப்பந்தயமாகத் துவக்கை மேசையில் வைத்தார். எல்லாரும் விழுந்து சிரித்தார்கள்.

“சிரிப்பு கனநேரம் நிக்கேல்லையக்கா. அலெக்ஸாண்டர் காதைச் சொறிஞ்சா இவரும் சொறிஞ்சார். அவர் மூக்கைத் தடவினா இவரும் தடவினார். பேந்து பாத்தா அலெக்ஸாண்டர் கையை மேசையிலயிருந்து எடுக்கவே இல்லை. அப்பதான் எனக்கு விளங்கினது, இவ்வளவு காலமும் ரெண்டுபேரும் சைகை காட்டித்தான் வெண்டிருக்கினம் எண்டு.”

முகமூடிக்காரர் கட்சி வென்றது. தோற்றவர் காதில் குணுக்கு மாட்டுவது ஊர் வழக்கம். இங்கே உடுப்புக் காயப்போடும் கிளிப்புத்தான் குணுக்கு. அன்புராசாவின் இரு காதிலும் அந்த முகமூடிக்காரரே கிளிப்பை மாட்டினார். ரேடியோவைப் பொன்னம்பலத்தின் கையில் கொடுத்தார். ஒருவரும் பின்னால் போகுமுன் மறைந்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்தால் உள்ளே கசெற் இல்லை.

“மொன்றியலில இருந்து வந்த பெரிய கையா இருக்கும். கசெற்றை அவன்தான் அடிச்சிட்டான்,” என்றான் சீமோன்.

கோணேஸ்வரி மெல்லக் கேட்டார். “சீட்டை எந்தப் பக்கமாப் போட்டவர்?”

“எங்கட முறையில, வலப்பக்கமா.”

“பூட்ஸோட வந்தவரோ?”

“வாசலில கழற்றிப்போட்டு வந்தார். கதிரையால எழும்பி வாசலடியில நிக்கேக்க நான் அதில இடறினனான். என்ர சப்பாத்துக்குள்ள தண்ணி, அவற்ற பூட்ஸில ஒரு துளி இல்லை. காலில போட்ட மேஸோடதான் நடந்தார், எண்டாலும் ஓட்டுத்தரையில டக், டக்கெண்டு ஒரு சின்னச் சத்தம்.”

“ஹலோவீன் எண்டா மேல் கதவுக்குப் பிள்ளையள் வந்திருக்குமே?”

“மணி அடிச்சபடி. ஒருத்தரும் திறக்கேல்லை. மனிசிக்குக் காது கேக்காதோ எண்டு அன்புராசா அண்ணை பேசினவர்.”

கோணேஸ்வரி புன்னகைத்தார். “அந்த வீட்டுப் பக்கக் கதவும் மேல்வீட்டுப் படியும் ஒரே இடத்திலதானே முடியுது? மழைக்குள்ளால வந்த ஆளின்ர பூட்ஸ் காஞ்சிருக்காது, சீமோன். அவர் வெளியால வரேல்லை, மேல இருந்து இறங்கினவர். மேஸுக்குள்ள சத்தம் போட்டது மெட்டி. அன்புராசாவின்ர சைகை எல்லாம் தெரிஞ்ச, அண்டைக்கு மேல் கதவைத் திறக்காத ஆள், கதைச்சா குரல் பிடிபட்டிடும் எண்டு வாய் திறக்காத ஆள் ஆர்?”

பொன்னம்பலம்தான் சொன்னார். “அன்புராசாவின்ர மனிசி, சந்திரவதனா.”

மறுநாள் மத்தியானம், அன்புராசா வேலைக்குப் போயிருந்த நேரம், மூவரும் போனார்கள். கதவைத் திறந்த சந்திரவதனா ரேடியோவைக் கண்டதும் சாமிப்படத்துக்குப் பின்னாலிருந்து கசெற்றை எடுத்துவந்தாள்.

“சனத்துக்கு முன்னால வெண்ட சாமானைச் சனத்துக்கு முன்னாலதானே தோக்கவேணும்,” என்றாள். “நான் சும்மா தூக்கித் தந்தா இவர் திருப்பி வாங்கிக்கொண்டு வந்திருப்பார்.”

“அப்ப கசெற்?” என்று கேட்டார் கோணேஸ்வரி.

“இவர் அதுக்கு மேல பாட்டுப் பதியப் பாத்தவர். எடுத்து ஒளிச்சனான். அண்டைக்கே உள்ள போட்டிருக்கலாம்.” அவள் குனிந்துகொண்டாள். “சமைக்கேக்க ஒவ்வொருநாளும் கேட்டுப் பழகிட்டன். குடுக்க மனம் வரேல்லை.”

பொன்னம்பலம் கோபிப்பார் என்று சீமோன் நினைத்தான். அவரோ பெட்டியைச் சமையலறை மேசையில் வைத்துக் கசெற்றைப் போட்டார்.

“இஞ்சேருங்கோ, சாப்பிட்டீங்களோ?” என்றது பாலேஸ்வரியின் குரல். பிறகு ஒரு மௌனம், அதற்குள் தூரத்தில் ஒரு காகம். இயந்திரத்தோடு பேசத் தெரியாத மனுசி, பதிலுக்கு இடம் விட்டிருந்தாள்.

“ஓம்,” என்றாள் சந்திரவதனா, பழக்கத்தில். சொன்னபின் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“பொய் சொல்லாதேங்கோ,” என்றது கசெற்.

பொன்னம்பலம் அவளையே பார்த்தார். “நான் ஒருநாளும் பதில் சொன்னதில்லை, பிள்ளை. இந்த இடத்தில எனக்கு அழுகை வந்திடும்.”

பொத்தானை அழுத்திக் கசெற்றைப் பின்னுக்குச் சுற்றிவிட்டார். மறுபடி அதே கேள்வி, அதே காகம்.

“இல்லையப்பா,” என்றார் அவர். “இன்னும் இல்லை.”

“பொய் சொல்லாதேங்கோ.”

அவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்துச் சீமோன் கண்டதே அன்றுதான். சந்திரவதனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சோறு போடக் கோப்பையை எடுத்தாள்.