பொருத்தமானிக்கு வந்த பூஜ்யம்

தும்பைக்குளத்தில் அந்தி இறங்கினால் பூனைகள் வெளிச்சம் விடும். பளீரென்று இல்லை, மேலே ஒரு நீலப் பூச்சு, அவ்வளவுதான். ஊரைச் சுற்றி நின்ற பனிபருகிக் கோபுரங்கள் காற்றின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக் குழாயில் குடிநீராக விட்டன. மிச்சக் காற்று அப்பளமாக உலர்ந்து கிடந்தது. அப்படிப்பட்ட காற்றில் எதை உரசினாலும் நிலைமின் ஏறும். பெண்களின் கூந்தல் நீருக்குள் இருப்பதுபோல் மிதந்தது. வேட்டிகள் பாய்மரச் சீலையாகப் புடைத்தன. ஒருவரையொருவர் தொட்டால் சுள்ளென்று பொறி பறக்கும் என்பதால், ஊரில் கும்பிடு மட்டும் செழித்தது.

ஜாதகம் பார்ப்பது போய், பொறி பார்ப்பது வந்தது. பெண்ணும் பிள்ளையும் பொருத்தமானியின் பித்தளைத் தட்டுகளில் ஆளுக்கொரு விரல் வைப்பார்கள். இருவருக்கும் நடுவே பாயும் மின்னை அளந்து அந்தப் பெட்டி தீர்ப்புச் சொல்லும். அளவாக இருந்தால் ‘பொருத்தம்’. மிஞ்சினால் ‘பகை’.

செண்பகவடிவுக்கு ஏற்கெனவே இரண்டு பகை. நைலான் நூல் ஆலையில் வேலை. வீடு திரும்பும்போது அவளே ஒரு மத்தாப்பு. மூன்றாவது பிள்ளையான சங்கிலிமுத்துவை அவளே பார்த்துப் பிடித்திருந்தாள். இதுவும் பகை என்றால், கடலோரத்து அத்தை மகனுக்குக் கட்டிவைத்துவிடுவதாக அப்பா ஆவுடையப்பன் சொல்லிவிட்டார். ஈரக்காற்று அடிக்கும் அந்த ஊரில் பொறி பார்க்கிற வழக்கமே கிடையாது.

சங்கிலிமுத்து கலங்கவில்லை. அவன் சில்லு வைத்தியன். கைபேசியோ சமையல் இயந்திரமோ, உள்ளே இருக்கிற சில்லு மகா தொட்டாற்சிணுங்கி. மனித விரல் உணராத நிலைமின் பட்டாலே உயிரை விட்டுவிடும். ஆகவே அவன் மேசையில் கறுப்புப் பாய் விரித்து, மணிக்கட்டில் பட்டி கட்டித்தான் வேலை பார்ப்பான். இரண்டிலிருந்தும் போகும் கம்பி மண்ணில் புதைத்த செப்புக் கோலில் முடியும். உடம்பில் ஏறியதெல்லாம் சத்தமில்லாமல் மண்ணுக்குள் இறங்கிவிடும். கடைக்கு யார் வந்தாலும் அவன் வாயிலிருந்து வரும் முதல் சொல் ‘தொடாதீங்க’.

பொறி பார்க்கும் நாளன்று பெண் வீட்டு ஜமுக்காளத்தின் மேல் அந்தக் கறுப்புப் பாயை விரித்தான். கம்பியை ஜன்னல் வழியாக விட்டுக் கொல்லை மண்ணில் புதைத்தான்.

“என்ன மாப்ளே, நல்ல காரியத்துல கறுப்பு?”

“திருஷ்டிக்கு, மாமா.”

அவனும் வடிவும் வெறுங்காலோடு பாயில் நின்றார்கள். அவள் கூந்தல் மெல்ல மெல்ல இறங்கி, பெருமூச்சு விட்டதுபோல் தோளில் படிந்தது. அடங்கிய கூந்தலோடு ஒரு பெண்ணை அவன் பார்த்ததே இல்லை. வந்த வேலையை மறந்து நின்றான். விரல்கள் தட்டில் பட்டன. பொறி இல்லை, சத்தமும் இல்லை.

பொருத்தமானி வெகுநேரம் யோசித்தது. அந்த ஊரில் அதுவரை யாருக்கும் பூஜ்யம் வந்ததில்லை.

“உடன்பிறப்பு” என்றது.

ஆவுடையப்பனின் மனைவி ஆவுடையப்பனைத் திரும்பிப் பார்த்தாள். ஊர்ப் பொறியெல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது.

“ஏட்டி, என்னை எதுக்கு அப்படிப் பாக்கே?”

மானியைக் கொண்டுவந்த குற்றாலம் தொண்டையைச் செருமினார். “ஒரே ரத்தம்னாத்தான் பூஜ்யம் வரும் ஆவுடையப்பா. மானி பொய் சொல்லாது.”

சில்லுக்குப் பூஜ்யம்தான் பாதுகாப்பு. மனிதர்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்ததுதான் சங்கிலிமுத்து செய்த பிழை. “உள்ள ஏதும் பழுதான்னு பாத்துருதேன் அண்ணாச்சி” என்று பட்டியைக் கட்டிக்கொண்டு மூடியைத் திறந்தான். சில்லு பழுதில்லாமல் பளபளத்தது.

வடிவு பாயைவிட்டு இறங்கி, ஜமுக்காளத்தில் காலைத் தேய்த்துத் தேய்த்து ஒரு சுற்று நடந்தாள். கூந்தல் எழுந்தது; கனவில் பார்க்கிற கடற்பாசிபோல் நாலு பக்கமும் மிதந்தது. நேரே அவனிடம் வந்தாள்.

“இதுவா நம்மளை அண்ணன் தங்கச்சின்னு சொன்னது?” என்று சில்லை நோக்கி விரலை நீட்டினாள்.

தினமும் நூறு பேரிடம் சொல்கிற அந்த ஒரு சொல், அன்றைக்குச் சங்கிலிமுத்துவின் நாக்கில் ஏறவில்லை.

கடுகளவு நீலப் பொறி. அவ்வளவுதான், சில்லு செத்தது.

“நான் நினைச்சது சரிதான். பழுதாத்தான் இருக்கு” என்றான்.

“இப்பத்தானவே பேசுச்சு!” என்று பதறினார் குற்றாலம்.

“சாகப்போறது பெனாத்தும் அண்ணாச்சி.”

ஆவுடையப்பன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். இன்றைக்கே இதற்கு ஒரு முடிவு தெரியாவிட்டால் அந்த வீட்டில் அவருக்குச் சோறு கிடையாது என்று அதில் எழுதியிருந்தது. “கையால தொட்டே பாத்துருவோம்” என்றார்.

வடிவு இன்னும் ஒரு சுற்று காலைத் தேய்த்துவிட்டு வந்து அவன் கையைப் பிடித்தாள். படீரென்றது. “ஆத்தாடி!” என்று இருவரும் துள்ளினார்கள்.

“கேட்டியாட்டி? அண்ணன் தங்கச்சி இல்ல!” ஆவுடையப்பனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பொறியின் அளவை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்ல மானி இல்லை.

பொருத்தமானி பழுதுபார்க்கக் கடைக்கு வந்தது. அதற்குப்பின் தும்பைக்குளத்தில் பெண்ணும் பிள்ளையும் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வலித்தாலும் விடாதவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள். குற்றாலம் மாதாமாதம் வந்து எட்டிப் பார்ப்பார். அது நிலைமின் புகாத வெள்ளிநிறப் பைக்குள், கறுப்புப் பாயின்மேல், மண்ணோடு கம்பி இணைத்து அத்தனை பத்திரமாக இருக்கும். அன்று முதல் அந்தச் சில்லை எந்த நிலைமின்னும் தொட்டதில்லை. சங்கிலிமுத்துவும் தொட்டதில்லை.