பின்னறைக்கு வேலை வரவில்லை

வேலை செய்யாத கம்ப்யூட்டரிலிருந்து சூடான காற்று வரக் கூடாது. அந்த மழைக்காலப் பிற்பகலில், துவைத்த துணிகளைப் பின்னறைக் கொடியில் உலர்த்தப் போனவளுக்கு முதலில் உறைத்தது அதுதான். மேசைக்கடியில் மூன்று கம்ப்யூட்டர் பெட்டிகளும் சத்தமில்லாமல் இருந்தன. திரையில் வாரக்கணக்காக மாறாமல் நின்ற அதே வாசகம்: 'இப்போது அனுப்ப வேலை எதுவும் இல்லை.' ஆனாலும் நடுப்பெட்டியின் முதுகிலிருந்து அவள் கணுக்காலில் காற்று பட்டது. ஈரக் காற்று. விட்டு விட்டு வந்தது. கூடவே ஒரு வாடை.

அந்த வாடை அவளுக்குப் புதிதில்லை. அவள் பல் செட் செய்பவள். மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை எவ்வளவுதான் கழுவினாலும், யார் யாருடைய ஈறு நாற்றமோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் வரும். சொத்தைப் பல்லின் பொந்தில் நாள்பட ஊறிக் கிடந்த துணுக்கைக் குத்தி எடுத்தால் வருமே, அந்த நாற்றம். எலி ஏதாவது செத்துக் கிடக்கும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு மேசையை நகர்த்திப் பார்த்தாள். எலி இல்லை. துணிகளை அள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

பெட்டிகள் அவள் கணவருடையவை. பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த மனிதர் அவர். கை நடுக்கம் வந்து வண்டியை விட்டு இறங்கியவர். அதே நோய்க்கு மருந்து தேடும் ஆய்வுக்கூடம் ஒன்று, தன் பெரிய கணக்கைத் துண்டு துண்டாக நறுக்கி, விரும்பிச் சேர்ந்தவர்களின் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. வீட்டிலிருக்கும் பெட்டி தன் துண்டைப் போட்டு முடித்துத் திருப்பி அனுப்பும். உடனே அடுத்தது வரும். கூலி கிடையாது. கேள்விப்பட்ட நாளிலேயே அவர் சேர்ந்துகொண்டார். யாரோ கழித்துப் போட்ட பெட்டிகளைத் தேடிக் கொண்டுவந்து ஓயாமல் ஓடவிட்டார். அவற்றின் ஃபேன் இரைச்சல் கேட்டால்தான் அவருக்குத் தூக்கமே பிடிக்கும். தன் கைக்கு ஆகாததைத் தன் வீடாவது செய்கிறதே என்று ஒரு நிம்மதி.

பிறகு துண்டுகள் குறைந்தன. ஒரு கட்டத்தில் நின்றே போயின. வேலை கேட்டு ஆயிரக்கணக்கான வீடுகள் காத்திருக்கின்றன, கொடுக்கத்தான் ஒன்றுமில்லை என்றார்கள். மனுஷன் இடிந்து போனார். வேலை தீர்ந்ததென்றால் மருந்து பக்கத்தில் வந்துவிட்டது என்றுகூட இருக்கலாமே என்று அவள் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் ஏறவில்லை. "என்னைக் கைகழுவிட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கொஞ்ச நாளாகத்தான் முகம் தெளிந்திருந்தது. ஏன் என்று அவள் கேட்கவில்லை. தெளிந்ததே போதும் என்றிருந்தது.

மறுநாள் காலையில் தலை வாரப் போனபோது சீப்பில் ஒரு முடிகூட இல்லை. எப்போதும் அவருடைய நரைமுடி ஒரு கொத்து அதில் சிக்கியிருக்கும். அவள் திட்டிக்கொண்டே எடுத்துப் போடுவாள். பின்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. எட்டிப் பார்த்தாள். அவர் தரையில் மண்டியிட்டு, நடுப்பெட்டியின் காற்றுத் துளைகளில் முடியை ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டிருந்தார், பிள்ளைக்குச் சோறூட்டுகிற பொறுமையோடு. நுனி உள்ளே போனதும் மீதி முடி தானாக வழுக்கிக்கொண்டு போனது. யாரோ உதட்டைக் குவித்து உறிஞ்சுவது போன்ற சின்னச் சத்தம்.

"என்னங்க பண்றீங்க?"

"வேலை குடுக்கறேன்" என்றார் திரும்பாமலே.

பிறகு அவரே சொன்னார். காத்திருந்த எல்லோருக்கும் ஒரு செய்தி வந்ததாம். வெளியிலிருந்து வேலை வராவிட்டால் வீட்டிலிருந்தே கொடுக்கலாமாம், அவரவரிடம் இருப்பதை. ஆய்வுக்கூடம் அனுப்பியதா, வேறு யாராவதா என்று அவள் கேட்டதற்கு, அதையெல்லாம் அவர் பார்க்கவில்லையாம். எல்லாரும் கொடுக்கிறார்கள், நம் பங்கு ரொம்பக் கொஞ்சம் என்றார். முடி கொடுத்தாராம். நகம் கொடுத்தாராம். சொல்லிக்கொண்டே வலது கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். நகங்களைச் சதையோடு ஒட்ட வெட்டியிருந்தார். ஆனால் கை, இத்தனை வருடமாகக் காற்றிலாடும் இலை மாதிரி துடித்துக்கொண்டிருந்த அந்தக் கை, ஏறக்குறைய நிலையாக நின்றது.

"பாத்தியா?"

அவள் பார்த்தாள். கதவை முன்போலவே ஒருக்களித்துவிட்டு வந்துவிட்டாள்.

அதற்குப்பின் வாடை வீட்டோடு குடியேறிவிட்டது. அவள் வேலை செய்யும் மேசைக்கு வந்தது, தலையணை உறைக்கு வந்தது, குடிக்கிற தண்ணீரில்கூட யாரோ கொப்பளித்துத் துப்பியது போல் ஒரு வழவழப்பு. சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைத் தள்ளி வைத்தாள். காற்றுத் துளைகளின் மேல் மஞ்சளாக ஒரு பிசுக்கு படிந்தது. துணியால் துடைத்துப் பார்த்தாள், எச்சில் மாதிரி நூல் நூலாக இழுபட்டு வந்தது. துணியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுத் தேய்தேயென்று தேய்த்தாள். ஈக்கள் வந்து துளைகளில் உட்கார்ந்தன. உட்கார்ந்தவை எழுந்திருக்கவில்லை. அவரோ அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தார். கையை மறைத்துக்கொண்டே நடமாடினார். தட்டைப் பின்னறைக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் சிரித்தார்.

பொறுத்தது போதும் என்று ஆனது மழை விடாமல் கொட்டிய ஒரு பிற்பகலில். அவர் குளிக்கப் போயிருந்தார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பின்னறைக்குள் போனாள். முதலில் பிளக்குகளைப் பிடுங்கினாள். திரை அணைந்தது.

காற்று நிற்கவில்லை.

விட்டு விட்டு. ஈரமாக. அவள் கணுக்காலில்.

ஸ்க்ரூக்கள் பிசுபிசுத்தன. ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பக்கத் தகடு கழன்று வர மறுத்தது, இழுத்தாள். புண்ணில் ஒட்டிய துணியை உரிக்கும் சத்தத்தோடு வந்தது.

உள்ளே ஒயர் இல்லை. ஃபேன் இல்லை. இளஞ்சிவப்பாக, வேர்த்த மாதிரி பளபளத்துக்கொண்டு, மூலை முடுக்கெல்லாம் சதை நிறைந்திருந்தது. நரைமுடி அதற்குள் வேர் விட்டிருந்தது. நடுவில் நகங்கள். வெட்டிய நகங்கள், வரிசையாக, வளைவாக. எத்தனை வாய்களைப் பார்த்தவள் அவள். மேல் ஈறு. கீழ் ஈறு.

வெளிச்சம் பட்டதும் அது கூசியது.

தகடு கையிலிருந்து விழுந்தது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது?

அவர் வாசலில் நின்றார். கையில் தண்ணீர் டம்ளர், விளிம்புவரை நிறைத்து. ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் அவளருகே நடந்து வந்தார். அந்த அருவருப்புக்கு நடுவிலும், ஒரே ஒரு கணம், அவளுக்கு அழுகையாக வந்தது. சிந்தவில்லையே. இவர் கையில் சிந்தவில்லையே.

பிறகு விரல்களைப் பார்த்தாள்.

டம்ளரைச் சுற்றியிருந்தன. இரண்டு சுற்று. கணு இல்லை. ரேகை இல்லை. தோல் உரித்த எதுவோ போல் வெளுத்து, மெதுமெதுவென்று.

"பயந்துட்டியா? முதல்ல எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றார். குரல் அவருடையதுதான். கனிவாகத்தான் இருந்தது. "உன்னையும் இதுல சேத்துட்டேன்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வெதுவெதுப்பு. வழவழப்பு. அவள் உதறிப் பின்னால் நகர்ந்தாள். கை எளிதாக விடுபட்டது. மிக எளிதாக.

வலிக்கவே இல்லை.

அவளுடைய கட்டைவிரல் நகம் அவர் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். உள்ளங்கை மெல்லக் குழிந்தது. நகம் உள்ளே அமிழ்ந்தது. அந்த இடத்தில் தோல், உதடு போல் மூடிக்கொண்டு, நகத்தை மென்று தின்ன ஆரம்பித்தது.